துளையை அடைத்தவள்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் அக்காவுக்குரிய பக்கத்தில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து அவள் வெளியேறிய தேதிக்கு நேரே, 'பணி ஓய்வு' என்று எழுதிவைத்திருந்தேன். நான்கு தலைமுறையின் பிறப்பு, திருமணம், வேலை, வீடு மாற்றம், இறப்பு ஆகியவற்றை இருபது ஆண்டுகளாகத் திரட்டி, சான்று கிடைத்தவற்றை மையிலும் கிடைக்காதவற்றைப் பென்சிலிலும் குறித்துவருபவன் நான். அந்த இரண்டு சொற்களை மையில் எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேசைமேல் பதிவேடு விரிந்து கிடந்தபோது அது அக்காவின் கண்ணில் பட்டது.

"ஓய்வா? டேய், யாருடா ஓய்வு கேட்டா? நான் கேட்டேனா?"

"ஒரு வார்த்தைதானேக்கா."

"ஆமா, வார்த்தைதான். செருப்பால அடிச்சுட்டு ஒரு அடிதானேன்னு சொல்ற மாதிரி."

அவள் சொன்னது சரி. அந்தச் சொற்களை அன்றே கோடிட்டு அடித்தேன். அந்த இடத்தில் எழுத வேண்டியது ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே தனியாக எழுதுகிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவுமே குறித்திருக்கிறேன்.

தொழிற்சாலையில் அக்கா வேலை பார்த்தது மாதிரி அறையில். ஒரு புதுப் பெட்டி இயந்திரத்துக்குப் போகுமுன் அதைக் கையால் வெட்டி, மடித்து, நிறுத்திக் காட்டும் இடம் அது. இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் கையில் எஃகு அடிகோலும் கத்தியும் இருந்தன. ஒரு பெட்டி சரியாக மூடுகிறதா என்று பார்க்க, அதற்குள் கோதுமை மாவைப் போட்டு மூடி, ஒரு கறுப்புத் தாளின்மேல் பிடித்து நன்றாகக் குலுக்குவாளாம். தாளில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தாலும் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். துளை என்றால் அவளுக்குத் தோல்வி. பின்னால் நடந்தவை புரிய வேண்டுமானால் இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

கடைசி ஆண்டில், மதிய இடைவேளைகளில் மட்டும் உட்கார்ந்து, பதினொரு மாதத்தில் அவள் ஒரு பூட்டுப் பெட்டி செய்தாள். பசையில்லை, ஒட்டு நாடாவில்லை. அடிப்பக்கத்து மடல்கள் நான்கும் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிச் சுழன்று, ஒரே அழுத்தில் பூட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கும் ஒன்று கொண்டுவந்து காட்டினாள். என் மனைவி அதற்குள் இரும்பு உலக்கையை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அடி அசையவில்லை.

அந்த மாதிரியை மேலாளருடைய தமக்கை மகன், கணினியில் வரைபவன், அவள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பிரித்துத் தட்டையாக விரித்து அளந்துகொண்டான். அடுத்த மாதம் அந்தப் பெட்டியை இயந்திரத்தில் வெட்டுவதற்கான அச்சுத் தகடு வந்துவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் புதிய கண்டுபிடிப்புக்காக அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அக்கா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தப் பெட்டின்னு தெரியிறதுக்கு முன்னாடி நானும் கை தட்டிட்டேன்டா," என்று அன்று மாலை சொன்னாள். "அவன் எடுத்தது கூடப் போகட்டும். என் கையாலேயே தட்ட வச்சுட்டானுங்க பாரு. அதுதான் ஆறல."

மேலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னது, அவள் வாய்மொழிப்படி: "எல்லாம் கம்பெனி வேலைதானேம்மா. கோபப்படாதீங்க, இந்த வயசுல உடம்புக்கு ஆகாது." இரண்டு வாரத்தில் அவளைக் கட்டுப் போடும் தளத்துக்கு மாற்றினார்கள். தன் பெட்டிகளையே இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கிக் கயிறு கட்டும் வேலை. எட்டு வாரம் கட்டினாள். ஒன்பதாவது வாரம் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். இதைத்தான் நான் ஓய்வு என்று எழுதியிருந்தேன்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் கழிந்த விதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தான் இறந்த பிறகு அக்கா எங்களோடு மாடி அறையில்தான் இருக்கிறாள். அவள் கோபத்தை நாங்கள் எல்லோரும் ஒரு நோயாக நடத்தினோம். சிறு வயதிலிருந்தே உறவில் அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். ஒருவர் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா மட்டும் தைரியமாக, "அந்தப் பெட்டியை மறந்துடும்மா," என்றார். அவருக்குக் கிடைத்த பதிலை அவருடைய மரியாதை கருதி எழுதாமல் விடுகிறேன். அவளுக்கு நேர்ந்தது அநியாயம் என்று அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் ஒருமுறைகூட அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மை, பென்சில் என்று அத்தனை நுணுக்கம் பார்க்கிற எனக்கு அது தோன்றவேயில்லை என்பதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

களிமண் வகுப்பைப் பற்றி முதலில் சொன்னவள் என் மனைவி. நூலகக் கட்டடத்தின் பின்பக்கக் கூடத்தில், செவ்வாயும் சனியும் காலை வகுப்பு.

"மண்ணைப் பிசைஞ்சா மனசு ஆறுமாம் அண்ணி."

"என் மனசு ஆறணும்னு உன்கிட்ட நான் சொன்னேனா?"

"சும்மா போய்ப் பாருங்களேன். மண்ணைத் தகடாத் தேய்ச்சு வெட்டிப் பெட்டி எல்லாம் செய்யச் சொல்லித் தராங்களாம்."

"பெட்டியா?" அக்கா நிமிர்ந்தாள். "எனக்குப் பெட்டி செய்யச் சொல்லித் தரப்போறது யாரு? அந்த முகத்தை நான் பாக்கணுமே."

அடுத்த செவ்வாய்க்கிழமை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சண்டைக்குப் போகிறவளைப் போலவே போனாள்.

கூடத்தில் சாக்குத் துணி விரித்த நான்கு நீள மேசைகள், சுவரோரம் மர அடுக்குகள், மூலையில் ஆள் மார்பளவு உயரத்தில் ஒரு மின்சூளை. சொல்லிக்கொடுப்பவளுக்கு முப்பது வயதுக்குமேல் இராது. கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். மாணவர்கள் அக்காவோடு பதினொரு பேர். மண் உருண்டையை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, சட்டத்தின்மேல் உருளையை ஓட்டினால், சட்டத்தின் உயரத்துக்குச் சீரான தகடு கிடைக்கும். அக்காவுக்கு அது ஒரே பார்வையில் பிடிபட்டது. மற்றவர்கள் தகட்டைத் தேய்த்து முடிக்குமுன் அவள் தன் தகட்டில் ஒரு முழுப் பெட்டியின் விரிப்பை வெட்டிவிட்டாள். நான்கு சுவர், அடி, மூடி, மடல்கள் எல்லாம் ஒரே துண்டு. மடிப்புக்கோடுகளை அடிகோலின் விளிம்பால் அழுத்தினாள். பிறகு மடித்தாள்.

ஒவ்வொரு மடிப்பும் முதுகு வெடித்துப் பிளந்தது.

"அம்மா, இது அட்டை இல்லையே," என்றாள் ஆசிரியை, சிரிப்பை அடக்க முயன்று.

"அட்டை இல்லேன்னு தெரியுது. அட்டையா இருந்தா எப்பவோ நிமிர்ந்து நின்னிருக்கும்."

அடுத்த மேசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் லைன்மேனாக இருந்தவர், வயது அறுபதுக்குச் சற்று மேல். இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அவரைப் பற்றி இனிமேல்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று அவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை எட்டரை மணிக்கே வண்டியருகில் நின்றாள். மடிக்கக் கூடாது, தனித்தனியாக வெட்டிச் சேர்க்க வேண்டும் என்று கற்றாள். சேரும் விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். தகடு மிக ஈரமாக இருந்தால் தன் கனத்தில் தானே குந்திவிடும், மிகக் காய்ந்திருந்தால் ஒட்டாது. இடையில் தோல் பதம் என்று ஒன்று உண்டு. செருப்புத் தோலைப் போல வளையாமல், ஆனால் உள்ளே ஈரத்தோடு இருக்கும் நேரம். அதைத் தவறவிட்டால் அன்றைய வேலை போச்சு. எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே கற்றாள். மண்ணைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், மின்விசிறியைப் போட்டவரைத் திட்டினாள்.

ஒரு நாள் ஒரு தகட்டை மூலையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தகடு சுருண்டது. உடனே தட்டையாக வைத்துத் தேய்த்துச் சரிசெய்தாள். ஒரு வாரத்தில், காய்ந்த தகட்டில் அதே மூலை மட்டும் எழும்பி நின்றது.

"மண்ணுக்கு ஞாபகம் இருக்கும்மா," என்று ஆசிரியை விளக்கினாள். "ஒரு தடவை வளைச்சுட்டு, நீங்க என்னதான் நிமித்தி வச்சாலும், காயும்போது பழையபடி வளைஞ்சுக்கும்."

அக்கா அந்த மூலையை வெகுநேரம் பார்த்தாள். "பரவாயில்லையே. மறந்துடுன்னு இதுகிட்ட யாரும் சொல்ல முடியாது."

இரண்டு மாதத்தில் அவள் செய்தது ஒன்றரைச் சாண் உயரத்தில் ஓர் உருவம். பெட்டி என்று சொல்ல முடியாது. நான்கு சுவர்களும் மேலே போகப்போகச் சற்றே முறுக்கிக்கொண்டு, உச்சியில் நான்கு மடல்களாக ஒன்றன் தோளில் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டன. அந்தப் பூட்டு எது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை யாராலும் பிரித்து விரித்து அளக்க முடியாது. எந்தப் பக்கமும் திறப்பில்லை. மாவைப் போட்டுக் குலுக்கினால் ஒரு புள்ளி விழாது. அதை அடுக்கில் வைத்தபோது என்னிடம் சொன்னாள்:

"இதுமேல என் கையைத் தவிர இன்னொரு கை படல. பட விடவும் மாட்டேன்."

இனி வருவதில் ஒரு பகுதியை நான் பார்க்கவில்லை. அக்காவும் ஆசிரியையும் தனித்தனியாகச் சொன்னதைப் பொருத்திப் பார்த்து எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போனபின், ஆசிரியை அடுக்குகளைப் பார்வையிட்டாள். மூடிய உருவத்துக்குள் ஈரம் தங்கும், சூளையில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால் உருவம் வெடிக்கும். அதனால் அக்காவின் உருவத்தைப் புரட்டி, அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, மறுபடி நிமிர்த்தி வைத்தாள். எல்லா மாணவர்களின் மூடிய உருவங்களுக்கும் அவள் செய்வது அது. யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா அடிப்பக்கத்தைத் தேய்க்கப் புரட்டினாள். துளையைப் பார்த்தாள். தான் இல்லாத நேரத்தில் ஒரு கை எடுத்துப் புரட்டியிருக்கிறது என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேலாளரிடம் ஒருமுறை கேட்டுப் பெற்ற பதிலே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வாயே திறக்காமல், மண்ணை ஊசிமுனை அளவுக்குத் திரித்து, குழம்பில் நனைத்து, துளைக்குள் செலுத்தி, மேலே கரண்டியின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்கினாள். அப்படி ஓர் இடத்தில் துளை இருந்தது என்று தேடினாலும் தெரியாதபடி. மாதிரி அறைக்காரியின் வேலை.

வியாழக்கிழமை சூளை ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை திறந்தபோது நான் அங்கே இருந்தேன்.

நடுத்தட்டில் அக்காவின் உருவம் இருந்த இடத்தில் சில்லுகள்தான் இருந்தன. அதைச் சுற்றியிருந்த ஐந்து பேரின் வேலைகள் உடைந்தும் மூளியாகியும் கிடந்தன. வகுப்பில் ஒரு செவிலி செய்த கலங்கரை விளக்கம் இரண்டாகிவிட்டது. லைன்மேன் நான்கு மாதமாகத் தகடுகளை வெட்டி, தோல் தைப்பதைப் போலவே சேர்த்து, கண்ணிகளும் கயிறுகளும் வைத்துத் தன் பழைய வேலைப் பூட்ஸ் ஜோடியை மண்ணில் செய்திருந்தார். அதில் ஒன்று நொறுங்கியிருந்தது.

ஆசிரியை ஒரு சில்லை எடுத்துப் பார்த்தாள். "நான் ஓட்டை போட்டேனே. எப்படி வெடிச்சுது?"

"நான்தான் அடைச்சேன்," என்றாள் அக்கா. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நீ எதுக்கு என் சாமான்ல ஓட்டை போட்ட?"

"அம்மா, போடலேன்னா வெடிக்கும். எல்லாருக்கும் நான் போடுவேன்."

"போடு. ஆனா என்கிட்ட சொல்லணுமா வேண்டாமா? நான் என்ன, ஊமையா? குருடா? நான் செஞ்சதை நான் இல்லாதப்போ எடுத்துப் புரட்டிக் குத்திட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வச்சிருக்க!"

"நீங்க மட்டும் என்கிட்ட சொன்னீங்களா, அடைச்சதை?"

"உன்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்? என் சாமானை நான் அடைக்கிறேன்."

"உங்க சாமான்தாம்மா. மத்த அஞ்சும் யாரோடது?"

லைன்மேன் ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. என் இன்னொரு காலு எங்க?"

யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இவங்களை வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார். எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாது என்று தெரியாத நான், "பட்டாசு," என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் சூளைக்குள்ள வச்சிருக்கீங்க," என்றார்.

அடுத்த வகுப்பில் மற்ற பத்துப் பேரும் பேசி முடிவெடுத்தார்கள். அக்கா வரலாம், மேசையில் வேலை செய்யலாம். ஆனால் இனி அவள் செய்யும் எதையும் அந்தச் சூளையில் வைக்கக் கூடாது. சுடாத மண் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்து சேறாகிவிடும். செய்யலாம், ஆனால் எதுவும் நிற்காது என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

வீட்டில் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்களேன்."

"கேட்டாச்சு. அஞ்சு பேர்கிட்டயும் தனித்தனியா, முகத்தைப் பாத்துக் கேட்டாச்சு. அடைச்சதுக்குக் கேட்டேன். கோபப்பட்டதுக்குக் கேக்க மாட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணுதான் என்கிட்ட கேக்கணும்."

"லைன்மேன்?"

"அவரு பூட்ஸை நான் செஞ்சு தரேன்னேன். 'உங்க கை அதுல பட வேண்டாம்'னுட்டாரு. அதுக்கு நான் என்ன சொல்றது? அவரு சொன்னது நியாயம்."

அதற்கடுத்த நாற்பது நாட்கள் அக்கா அதே உருவத்தை, இம்முறை இடுப்புயரத்துக்கு, செய்தாள். சுடுவார்களா என்று தெரியாமலே செய்தாள். நான் தடுத்தேன். சூளையில் இடமில்லை என்று தெரிந்தும் எதற்கு இவ்வளவு பெரிதாக என்றேன். "சின்னதா செஞ்சா மட்டும் வைக்கவா போறாங்க?" என்றாள். கூடத்தின் கடைசி மேசை அவளுக்கு. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உயரம் கூடியதும் கீழ்த்தகடுகள் பிதுங்கத் தொடங்கின. இரண்டுமுறை சுவர் சரிந்து, அறுத்தெடுத்து மறுபடி வைத்தாள். சாய்வுச் சேர்ப்புகளுக்கு உள்ளே மண் திரியை வைத்து அழுத்தினாள். ஒவ்வோர் அடுக்கும் பதத்துக்கு வரும்வரை, மீதியை ஈரத்துணியாலும் பிளாஸ்டிக் தாளாலும் சுற்றிக் காத்திருந்தாள். உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குறுக்குத் தகடுகள் வைத்து முட்டுக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் காற்றுப்போக்குக்கு வழி வெட்டினாள். அடிப்பக்கச் சுவரில் கை நுழையுமளவுக்குத் தானே ஒரு துளையை அறுத்தாள். அறுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத என்னால் முடியவில்லை. அவ்வளவு கோபம் ஒரு முகத்தில் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

துளையை அறுத்த வாரத்தில் ஒரு நாள் ஆசிரியை கடைசி மேசைக்கு வந்தாள். "சொல்லாமத் தொட்டது என் தப்புதாம்மா," என்றாள். "இப்போ யாரோட சாமானைத் தொடுறதா இருந்தாலும் கேட்டுட்டுதான் தொடுறேன்."

"நல்லது," என்றாள் அக்கா. கையிலிருந்த முள்கரண்டி நிற்கவில்லை. "சூளை?"

"அது என் கையில மட்டும் இல்லம்மா. பொருளை உள்ள வைக்கிற எல்லாரும் ஒத்துக்கணும். ஒன்பது பேர் சரின்னுட்டாங்க."

மீதியிருந்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. மூன்று மேசைக்கு அப்பால் லைன்மேன் தன் ஒற்றைப் பூட்ஸுக்குத் துணைக்காலைச் செய்துகொண்டிருந்தார். அவரும் அதே சூளையில்தான் வைத்தாக வேண்டும்.

அக்கா எழுந்து போய் அவர் எதிரே நின்றாள். நானும் பின்னால் போனேன்.

"நான் ஓட்டை விட்டிருக்கேன். உள்ளயும் வழி விட்டிருக்கேன்."

"நீங்க சொல்றீங்க," என்றார் லைன்மேன்.

"பொய் சொல்றேன்கிறீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷம் கம்பம் ஏறினவன் நான். லைன் ஆஃப்ல இருக்குன்னு ஆஃபீஸ்ல இருந்து சொல்லுவான். அப்படி ஒருத்தன் சொன்னதை நம்பிக் கை வச்சதுக்குத்தான் இது." இரண்டு விரல் இல்லாத இடது கையை மேசைமேல் வைத்தார். "அன்னைக்கிலிருந்து நானே டெஸ்ட் பண்ணாம எதையும் தொடுறதில்ல. யார் சொன்னாலும் சரி."

"என்ன டெஸ்ட்?"

"மண்ணு தடியா இருக்கிற இடத்துலதான் ஈரம் தங்கும். ஊசியை விட்டுப் பாத்தா எவ்வளவு தடின்னு தெரிஞ்சுடும். எங்க குத்துறதுன்னு நான் சொல்லணும். நான்தான் குத்தணும். நீங்க காட்டுற இடத்துல இல்ல."

கூடத்தில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். நாற்பது நாள் உழைப்பில், தன் கையைத் தவிர வேறு கை படாத ஒன்றில், இன்னொருவர் ஊசி ஏற்ற வேண்டுமாம். அவள் அந்த உருவத்தைத் தானே தள்ளி உடைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். தொழிற்சாலையில் கயிற்றைப் போட்டுவிட்டு வந்தவள்தானே.

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. மேசைமேலிருந்த ஊசியை எடுத்தாள். அதை அவரிடம் நீட்டினாள்.

"குத்துங்க. உங்க இஷ்டப்பட்ட இடத்துல குத்துங்க. ஆனா ஒவ்வொரு தடவையும், குத்துறதுக்கு முன்னாடி, என்கிட்ட சொல்லிட்டுக் குத்தணும். சொல்லாம ஒரு குத்து விழுந்துதுன்னா, இந்த ஊசி அப்புறம் எங்க போகும்னு எனக்கே தெரியாது."

அவர் ஊசியை வாங்கிக்கொண்டார். உருவத்தை ஒரு சுற்று சுற்றிவந்தார். மண் அப்போது சரியான பதத்தில் இருந்தது. இடுப்பளவில் ஒரு சேர்ப்பின் அருகே விரலை வைக்காமல் காட்டினார்.

"இங்க குத்தட்டுமா?"

"குத்துங்க."

ஊசி போய் வந்தது. ஊசியில் மண் ஒட்டியிருந்த நீளத்தைத் தன் நகத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இங்க?"

"குத்துங்க."

அப்படி ஏழுமுறை. ஒவ்வொருமுறையும் அவர் கேட்டார், ஒவ்வொருமுறையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதி கொடுத்தாள். நான்காவது இடத்தில் மட்டும் ஊசி ஆழமாகப் போயிற்று.

"இது தடி," என்றார்.

"தெரியும். அங்க மூணு தகடு சேருது."

"தெரிஞ்சு ஏன் விட்டீங்க?"

அக்கா அடித்துளை வழியாகக் கையை விட்டு, கம்பி வளையத்தால் உள்பக்கமாகச் சுரண்டத் தொடங்கினாள். முழங்கைவரை உள்ளே போயிற்று. அரை மணி நேரம் சுரண்டினாள். அவர் அதுவரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் இன்னொரு குத்து, அதற்கும் கேட்டுவிட்டு.

"இப்ப சரி," என்றார். "காயட்டும். மூணு வாரத்துக்குக் கம்மியா உள்ள போகக் கூடாது. போறதுக்கு முன்னாடி கன்னத்தை வச்சுப் பாப்பேன். சில்லுன்னு இருந்தா ஈரம். இருந்துதுன்னா மறுபடி வெளியேதான்."

"கன்னத்தை வைக்கிறதுக்கு முன்னாடியும் கேக்கணும்."

"கேக்குறேன்."

மூன்று வாரமும் இரண்டு நாளும் காய்ந்தது. அவர் கேட்டுவிட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். உருவத்தின் முழு நீளத்துக்கும் குனிந்து நிமிர்ந்து, மூன்று இடங்களில். சூளையின் நடுத்தட்டைக் கழற்றித்தான் அதை உள்ளே நிறுத்த முடிந்தது. சுற்றிலும் மற்றவர்களின் வேலைகளை வைத்தார்கள். லைன்மேன் தன் பூட்ஸை அதன் காலடியிலேயே வைத்தார். தூரமாக வைக்கலாமே என்றாள் ஆசிரியை. "டெஸ்ட் பண்ணிட்டேன் இல்ல," என்றார் அவர், எரிச்சலோடு.

சூளை குளிர்ந்த நாளில் அக்காவும் நானும் எல்லோருக்கும் முன்னதாகப் போய் நின்றோம். மூடி திறந்தது. உருவம் நின்றது. ஒரு பக்கத்துச் சேர்ப்பில், ஒரு விரல் நீளத்துக்கு, முடி போன்ற விரிசல். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா நேராக விரிசலிடம் போய் அதைத் தடவினாள்.

"இங்க அவசரப்பட்டேன். பதம் வர்றதுக்கு முன்னாடி ஒட்டிட்டேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல். குரலில் இருந்தது கோபம்தான். ஆனால் இந்தக் கோபத்துக்கு மேலாளர் இல்லை, கேடயம் இல்லை. அது அவளுக்கும் மண்ணுக்கும் இடையிலானது.

லைன்மேன் குனிந்து தன் பூட்ஸ் ஜோடியை வெளியே எடுத்தார். இரண்டு காலும் முழுசாக இருந்தன. புதிய கால் பழையதைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் கயிறும் கண்ணியும் அப்படியே ஜோடி. அவர் அதை மேசைமேல் வைத்துத் தூசியை ஊதினார். அக்கா கிட்டே போனாள். வலது கை தானாக முன்னே நீண்டு, பாதியில் நின்றது.

"தொட்டுப் பாக்கலாமா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார்.

"சரி," என்றாள் அக்கா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூன்று பக்கமும் சுற்றிவந்து, அந்தப் பூட்ஸைக் கண்ணால் மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.